நூலை நிறுத்துக் கொடுக்கிறோம், மருந்தை?

வருகிற மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏழாவது விஷயமாக ஒரு தீர்மானம் இடம்பெற்றிருப்பதை அங்கத்தினர்கள் கவனித்திருப்பார்கள். அங்கத்தினர் வீடுகளிலுள்ள ஆடு, கோழி, நாய் முதலிய சகல பிராணிகளுக்கும் மாதந்தோறும் குடற்புழு மருந்து கொடுக்கும் பொருட்டு, சங்கம் மருந்துப் புட்டிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து பாதி விலைக்கு விநியோகிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைக் கொண்டுவந்திருப்பவர்கள் சங்கத்தின் நலனில் மெய்யான அக்கறை கொண்டவர்கள். அவர்களுடைய நோக்கத்தில் நமக்குக் கிஞ்சித்தும் ஐயமில்லை. ஆயினும் இத்தீர்மானத்தை இப்போதுள்ள உருவில் ஆதரிக்க நம்மால் இயலவில்லை. காரணத்தைச் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் புட்டி கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்ததே நிர்வாகக் குழுவாகிய நாம்தாம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு முன், கேட்ட அங்கத்தினருக்கெல்லாம் ஒரு புட்டி வீதம் கொடுத்தோம். கையெழுத்து வாங்கினோம்; ரசீது போட்டோம்; கணக்கில் ஒரு காசு பிசகவில்லை. புட்டி வீட்டுக்குப் போன பிறகு என்னவாயிற்று என்று மட்டும் நாம் விசாரிக்கவில்லை. கார்த்திகைக் கடைசியில் நெசவாள அங்கத்தினர் ஒருவர் சங்கத்துக்கு வந்தார். அவரிடம் இருந்தவை ஐந்து உருப்படிகள். அவற்றில் தாயாடுகள் மூன்றும் பத்து நாளைக்குள் இறந்துவிட்டன. அவர் சண்டையிட வரவில்லை. காலிப் புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, “மருந்து கொடுத்தேனே, ஐயா, அப்புறம் ஏன் செத்தன?” என்று கேட்டார். அப்போது நம்மிடம் பதில் இல்லை.

பதில் பிறகுதான் தெரிந்தது. அவர் புட்டியின் மூடியையே அளவாகக் கொண்டிருக்கிறார். கிடாவுக்கு ஒரு மூடி, குட்டிக்கும் ஒரு மூடி. கடைசியில் நின்ற தாயாடுகளுக்கு மிஞ்சியது கால் மூடிதான். மூன்றாவது ஆட்டைக் கால்நடை வைத்தியர் அறுத்துப் பார்த்தபோது அதன் நான்காவது இரைப்பையில் புழுக்கள் மொய்த்துக் கிடந்தன. ஒரு புழுவை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நீளம். சிவப்பு இழையும் வெள்ளை இழையும் சேர்த்து முறுக்கிய நூலைப்போல் இருந்தது. தறிக்காரர் கண்ணுக்கு அது முறுக்கு நூலாகவே தோன்றும். சிவப்பு, ஆட்டின் இரத்தம் நிறைந்த அதன் குடல். வெள்ளை, அக்குடலைச் சுற்றிக் கிடக்கும் முட்டைப் பை. ஹீமாங்கஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர்.

இப்புழுவின் கணக்கை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிக்கும் இரத்தம் ஏறக்குறைய 0.05 மில்லி லிட்டர். இது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆயிரம் புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 50 மில்லி லிட்டர். முப்பது நாளில் 1.5 லிட்டர். இருபது கிலோ எடையுள்ள வெள்ளாட்டின் உடலில் ஓடும் இரத்தம் முழுவதுமே ஏறக்குறைய அவ்வளவுதான். இதில் வஞ்சகமான விஷயம் ஒன்றுண்டு. மற்றப் புழுக்களைப்போல் இது பெரும்பாலும் கழிச்சலை உண்டாக்குவதில்லை. புழுக்கை வழக்கம்போல் உருண்டையாகவே விழும். ஆடு மேயும், அசைபோடும். கீழிமை வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும்போதுதான் உடையவருக்குத் தெரியவரும். அதற்குள் பாதி இரத்தம் போய்விட்டிருக்கும்.

ஆகவே, நோய் கண்ட பிறகு மருந்து தேடுவது இந்த விஷயத்தில் உதவாது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேலும் இடவல்லது. அவை புழுக்கையோடு தரையில் விழுந்து, ஈரமும் வெம்மையும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் நோய் தரும் இளம்புழுக்களாகி, பனி நனைந்த புல்லில் ஏறி நிற்கின்றன. ஆடு மேய்ந்த மூன்று வாரத்தில் வயிற்றினுள் அவை முதிர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். நம் பக்கத்தில் மழை வலுப்பது ஐப்பசியிலாதலால் முன்னேற்பாட்டைப் புரட்டாசியிலேயே செய்தாக வேண்டும். “நன்றாக இருக்கிற ஆட்டுக்கு எதற்கு மருந்துச் செலவு?” என்று கேட்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் நெசவாளராக இருப்பவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: பாவுக்குக் கஞ்சி போடுவது இழை அறுந்த பிறகா?

இதுவரை தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களும் நாமும் ஒரே கட்சிதான். “மாதந்தோறும்”, “சகல பிராணிகளுக்கும்” என்ற சொற்களில்தான் நமக்கு மாறுபாடு. தயாபென்டசோல் என்னும் மருந்து 1961இல் விற்பனைக்கு வந்தபோது ஆட்டுப்புழுவின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். 1964இலேயே அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் புழு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பின்னர் ஜப்பானிய மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின் 1981இல் கால்நடை மருந்தாக வந்தது. அதற்காக ஓமுரா, கேம்பல் ஆகிய இருவருக்கும் 2015இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அத்துணைச் சிறந்த அம்மருந்துக்கும் அடங்காத புழுக்கள் இன்று உலகின் பல பாகங்களில் உண்டு. நம் தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலும் பென்பென்டசோல் பலிக்காத புழுக்கள் பதிவாகியுள்ளன.

இது எவ்வாறு நேர்கிறது என்பது பருத்தி பயிரிடும் அங்கத்தினர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தபோது காய்ப்புழு அதற்குப் பழகிப்போனதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். பி.டி. பருத்தி வந்தபோது விதைப் பையோடு சாதாரண விதையும் கொடுத்து, வயலின் ஓரத்தில் விதைக்கச் சொன்னார்கள் அல்லவா? ஓரத்துச் செடியில் பிழைக்கும் சாதாரணப் புழு, மருந்தை வென்ற புழுவோடு கலந்து அதன் வீரியத்தைக் குறைக்கட்டும் என்பதுதான் அதன் தத்துவம். நம்மில் அநேகர் அவ்விதையைக் குப்பையில் போட்டோம். அது வேறு கதை. ஆட்டு மந்தையிலும் இதுவே நியாயம். மந்தையிலுள்ள புழுக்களில் பெரும்பங்கைச் சுமப்பவை சில ஆடுகளே. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில், அதுவும் மாதந்தோறும் மருந்து கொடுத்தால், மிஞ்சுவது மருந்தை வென்ற புழு மட்டுமே. மேய்ச்சல் தரை பொதுவாதலால் அப்புழு ஒருவர் பட்டியோடு நில்லாது. ஊர்ப் பட்டிகள் அனைத்திலும் குடியேறும்.

அப்படியானால் யாருக்கு மருந்து கொடுப்பது? தென்னாப்பிரிக்காவில் இதற்கென எளிய முறை ஒன்றை வகுத்தார்கள். ஆட்டின் கீழிமையை மெல்லத் திருப்பி, உட்புறத்தின் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிடுவது. ஃபமாச்சா அட்டை என்று அதற்குப் பெயர். நல்ல சிவப்பிலிருந்து காகித வெண்மை வரை ஐந்து நிறங்கள் அதில் உண்டு. வெளுத்த இமைக்கு மருந்து; சிவந்த இமைக்கு வேண்டுவதில்லை. சாயப் பட்டறையில் ஒரே சிவப்பில் ஏழு வகை பார்த்துச் சொல்லும் நம் அங்கத்தினர்களுக்கு ஐந்து நிறத்தைப் பிரித்தறிவது பெரிய காரியமாகாது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமையைப் பார்த்தால் போதும். இம்முறை இரத்தம் குடிக்கும் புழுவுக்குத்தான் பொருந்தும். நத்தை மிகுந்த குளக்கரையில் மேயும் ஆடுகளுக்குத் தட்டைப்புழுவும் சேருமாதலால் வைத்தியரிடம் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். குட்டிகளும், ஈனும் தறுவாயிலுள்ள ஆடுகளும் புழுவைத் தாங்கும் சக்தி குறைந்தவை. அவற்றுக்கு வைத்தியர் சொல்லும் காலத்தில், இமையைப் பார்த்துக் காத்திராமல் கொடுப்பதே முறை. சந்தையில் வாங்கி வரும் ஆட்டை மந்தையோடு சேர்க்குமுன் இரண்டு வாரமாவது தனியே கட்டி வைத்து மருந்து கொடுக்க வேண்டும். வேற்றூர்ப் புழு நம் தரைக்கு வருவது பெரும்பாலும் அந்த வழியேதான்.

இனி அளவைப் பற்றி. நம் சங்கத்தில் நூலைக் கண்ணால் பார்த்து எவரும் கொடுப்பதில்லை. நிறுத்துக் கொடுக்கிறோம், நெய்து வந்த துணியையும் நிறுத்து வாங்குகிறோம். பத்துக் கிராம் குறைந்தால் கேள்வி எழுகிறது. நிலக்கடலையும் அப்படியே தராசில் ஏறித்தான் கிடங்குக்குப் போகிறது. இத்தகைய சங்கம், உயிர் காக்கும் மருந்தை மட்டும் மூடி அளவில் விட்டது வெட்கத்துக்குரியது. குறைந்த அளவு மருந்து கெடுதலே செய்யும். பலவீனப் புழுவைக் கொன்று வலுத்த புழுவை வளர்க்கும். வெள்ளாடு விஷயத்தில் இன்னொரு சங்கதி. சில மருந்துகளைச் செம்மறியைவிட வெள்ளாட்டின் உடல் விரைவாகக் கழித்துவிடுகிறது. ஆதலால் புட்டியில் செம்மறிக்கென அச்சிட்ட அளவு வெள்ளாட்டுக்குப் போதாமல் போவதுண்டு. அதற்காக நாமே கூட்டிக்கொள்வதும் ஆபத்து. லெவமிசோல் போன்ற மருந்து அளவு மீறினால் ஆடு நுரை தள்ளி விழும். எடையைச் சொல்லி அளவை எழுதி வாங்கிக்கொள்வது ஒன்றே வழி.

தராசு எட்டாத தோட்டங்களில் இருப்பவர்கள் அளவு நாடாவைக் கொண்டே எடையை ஒருவாறு அறியலாம். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் வருவது கிலோ. சுற்றளவு 26 அங்குலமும் நீளம் 24 அங்குலமும் உள்ள ஆடு ஏறக்குறைய 24.5 கிலோ. சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பென்டசோல் கொடுப்பது கருவுக்குக் கேடாகலாம் என்பதையும், மருந்து கொடுத்தபின் புட்டியில் குறித்துள்ள நாள்வரை அவ்வாட்டின் பாலையும் இறைச்சியையும் உபயோகிக்கலாகாது என்பதையும் நினைவில் கொள்க.

நாயைப் பற்றிச் சொல்லாமல் ஆட்டைப் பற்றி மட்டும் சொன்னால் பாதி வேலைதான் ஆகும். திருவிழாவில் கிடா வெட்டும்போது கொப்புளம் கண்ட ஈரலையும் நுரையீரலையும் கழித்து நாய்க்கு எறிவது நம் வழக்கம். அக்கொப்புளத்தில் இருப்பது நாடாப்புழுவின் கரு. நாயின் குடலில் அது சில மில்லி மீட்டர் நீளமுள்ள புழுவாகிறது. நாய்க்கு ஒரு நோவும் தெரியாது. அதன் முட்டை நாயின் உரோமத்திலிருந்து குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போய்விட்டால், ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாகப் பல்லாண்டு வளர்ந்து, அறுவைச் சிகிச்சையில் கொண்டுவிடும். வேறொரு நாடாப்புழுவின் முட்டையை ஆடு புல்லோடு தின்றால் கட்டி அதன் மூளையில் தோன்றுகிறது. ஒரே பக்கமாகச் சுழன்று சுழன்று விழும் ஆட்டை நம்மில் பலர் பார்த்திருப்போம். காற்று பட்டது என்று சொல்லி விபூதி பூசியிருப்போம். ஒருவர் வீட்டு நாய் அடுத்தவர் வீட்டு ஆட்டைக் கொல்வது கடித்துத்தான் என்பதில்லை. பச்சைக் கழிவைப் புதைத்துவிடுவதும், நாய்க்கு வைத்தியர் சொல்லும் காலத்தில் பிராசிகுவான்டல் சேர்ந்த மாத்திரை கொடுப்பதும் கூட்டுறவுக் கடமையே.

நாய்க்குட்டிக்கு உருண்டைப்புழு பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே தொற்றிவிடுகிறது. அதற்குப் பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரையிலும், பின்பு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மருந்து கொடுப்பது இன்றைய முறை. தீர்மானம் கூறும் “மாதந்தோறும்” என்பது நாய்க்குட்டிக்குப் பொருந்தும், வெள்ளாட்டுக்குப் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் ஒரே நாட்காட்டி என்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதுவே சாட்சி.

குழித்தறிக்காரர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. வெயில் நேரத்தில் நாய் தறிக்குழியின் குளிர்ச்சியைத் தேடிப் படுக்கிறது. மாலையில் மிதிகட்டையில் கால் வைத்தவுடன் தெள்ளுப்பூச்சி பிடுங்குகிறது. நாயைக் குளிப்பாட்டி மருந்து தெளித்தும் பயனில்லை என்று முறையிடுகிறார்கள். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் கூடும் நாயின்மேல் இருப்பவை அல்ல. குழியின் புழுதியிலும் வெடிப்பிலும் இருப்பவை. குழியைப் பெருக்கி, வெடிப்பைப் பூசி, மறுபடி நாயைக் கவனித்தால்தான் அது ஒழியும். நாயின் வாலடியில் வெள்ளரி விதை போன்ற துணுக்குகள் ஒட்டியிருக்கக் கண்டால் அதுவும் ஒரு நாடாப்புழுவே. அது தெள்ளுப்பூச்சி வழியே வருவதாதலால், பூச்சியை விட்டுவிட்டுப் புழுவுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது வீண்செலவு.

கோழியைப் பொறுத்தவரை, மேய்ந்து திரியும் நாட்டுக்கோழிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை மருந்து வேண்டும் என்றே வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பாகக் கொடுத்துவிட்டால் ஊசியும் நன்கு பலிக்கும். விலை குறைந்த பைபரசின் உருண்டைப்புழுவை மட்டுமே, அதிலும் வளர்ந்த புழுவையே வெளியேற்றும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இரவில் கோழி தூங்காமல் பரபரத்தால் கூட்டின் சுவரை விளக்கு வைத்துப் பாருங்கள். பகலில் வெடிப்பில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் கோழி உண்ணி, தீனியின்றி ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். கோழிக்கு எத்தனை மருந்து கொடுத்தும் சுவரைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்காதவரை அது போகாது.

இப்போது நம் பிள்ளைகள் கூண்டுப் பறவைகளையும் ஆசையாக வளர்க்கிறார்கள். நாட்டுக் கிளியை அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால் அதைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை. லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கப்படும் சிறு பறவைக்கு அலகைச் சுற்றிச் சுண்ணாம்புபோல் படர்வது ஒருவகைச் சிற்றுண்ணியால். ஐவர்மெக்டினுக்கு அது கட்டுப்படும். ஆனால் அப்பறவையின் எடை முப்பது நாற்பது கிராம்தான். இருபது கிலோ ஆடு அதைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஆட்டுப் புட்டியிலிருந்து “ஒரே ஒரு சொட்டு” என்று வாயில் விட்டால், பறவை மறுநாள் காலையில் கூண்டின் அடியில் கிடக்கும். வைத்தியர் நீர்த்துத் தருவதைத் தவிர வேறெதையும் தொடலாகாது.

ஆதலின் மகாசபையில் நாம் பின்வரும் திருத்தத்தைக் கொண்டுவர உத்தேசித்துள்ளோம். சங்கம் இனிப் புட்டியாக மருந்து விநியோகிப்பதில்லை. ஆனியில் ஒருமுறையும் புரட்டாசியில் ஒருமுறையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கக் கிடங்கின் முன்பு கால்நடை வைத்தியர் முன்னிலையில் அங்கத்தினரின் ஆடுகள் நிறுக்கப்பட்டு, இமை பார்க்கப்பட்டு, வேண்டுவனவற்றுக்கு மட்டும் ஊசியில்லாப் பீச்சுக்குழலால் அளந்து மருந்து புகட்டப்படும். தெருவுக்குச் சில ஆடுகளின் புழுக்கையை அன்றும், பத்து முதல் பதினான்கு நாள் கழித்தும் பரிசோதனைக்கு அனுப்பி, மருந்து பலித்ததா என்று பார்த்து அடுத்த கொள்முதலை முடிவு செய்வோம். நாய், கோழி வைத்திருப்போர் பெயர் தனிப் பதிவேட்டில் ஏறும். அவற்றின் முறை வந்ததும் சொல்லியனுப்பப்படும். செலவு, பாதி விலைப் புட்டித் திட்டத்தைவிட மிகாது என்றே கருதுகிறோம். மிகுந்தால் பொதுநல நிதியிலிருந்து எடுக்க மகாசபையின் அனுமதியை வேண்டுவோம்.

தாயாடுகளை இழந்த அங்கத்தினருக்கு அந்நிதியிலிருந்தே ஓர் ஆடு வாங்கித்தர வேண்டும் என்பதும் திருத்தத்தின் ஒரு பகுதி. அவர் கேட்கவில்லை; தவறு நம்முடையதாதலால் நாம் கேட்கிறோம்.

நூல் நிறுக்கும் பெரிய தராசு ஞாயிறு காலை ஒன்பது மணி வரை சும்மாதான் இருக்கிறது. வெறும் தட்டில் வெள்ளாடு நிற்காதாதலால், தூக்கி நிறுக்க அவரவர் ஒரு கோணிச் சாக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.